பீலி நின்ற நாள்

புயலுக்குப் பெயர் சூட்டுவது நம் காலத்து வழக்கமாகிவிட்டது. வங்காள விரிகுடாவையும் அரபிக் கடலையும் சூழ்ந்த நாடுகள் பெயர்களை எழுதிக் கொடுத்து வைத்திருக்கின்றன. காற்று குறித்த வேகத்தை எட்டியதும் பட்டியலில் அடுத்துள்ள பெயர் அதற்கு இடப்படுகிறது. 2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி ஒரு புயலுக்கு ‘ரோனு’ என்று பெயரிட்டார்கள். அது மாலைதீவு கொடுத்த பெயர். தென்னை நார்க் கயிறு என்பது பொருள். பெயர் பெற்ற அந்தப் புயல் வடக்கே சென்று 21ஆம் திகதி பங்களாதேஷில் கரையேறிற்று.

ஆனால் 17ஆம் திகதியே அது எங்கள் மலைகளைச் சரித்துவிட்டுப் போய்விட்டது. அன்று அதற்குப் பெயர் இல்லை. வானொலிக்கு அது தாழமுக்கம். எங்களுக்கு வெறும் மழை. பெயர் வைப்பதற்கு முன்பே கொன்றுவிட்ட புயலை எந்தப் பெயரால் ஏசுவது?

பெயரில்லாத அந்த மழைக்குத் தப்பியவர்கள் நாங்கள். கேகாலை மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டியப் பக்கத்து மலைகளில், இறப்பர்த் தோட்டமொன்றின் பணிய லயத்தில் வாழ்ந்த பன்னிரண்டு குடும்பத்தினர். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இது ஒரு தோட்டத்தின் கதையாகிவிடும். சப்பிரகமுவ மாகாணத்தில், கேகாலையிலும் இரத்தினபுரியிலும், இதே கதையைத் தம் கதையாகச் சொல்லக்கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

மலையகம் என்றதும் வாசகர்களுக்கு நினைவு வருவது நுவரெலியாவின் குளிரும் தேயிலையும்தான். எங்கள் மலைகள் வேறு. இவை வெப்பமும் ஈரமும் மிகுந்த தாழ்ந்த மலைகள். இறப்பர்க் காட்டின் நிழலில் பகலிலும் மங்கலான வெளிச்சமே இருக்கும். தோட்டங்கள் சிறியவை, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகளைப் போல் சிதறிக் கிடப்பவை. எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைக்குப் பல மைல் நடக்க வேண்டும். தமிழில் விண்ணப்பம் எழுதினால் அதை வாசிக்க ஆளைத் தேட வேண்டும்.

துரையின் பங்களா மேட்டில், காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் கட்டப்பட்டது. நல்ல சரிவுகள் எல்லாம் மரங்களுக்கு ஒதுக்கப்பட்டன. மரம் வைக்க உதவாத பள்ளம், ஓடைக்கரை, வெட்டி நிறுத்திய மண்மதிலின் அடி ஆகியவை எங்களுக்குக் கிடைத்தன. அங்கேதான் வெள்ளைக்காரன் காலத்தில் லயங்கள் எழும்பின. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா. முன்னால் ஒரு சிறு திண்ணை. தலைக்கு மேல் ஒரே நீளத் தகரக் கூரை. எங்கள் பாட்டனார் அதிலே பிறந்தார். எங்கள் பிள்ளைகளும் அதிலேயே பிறந்தனர்.

லயத்தின் பின்னே மலையூற்று ஒன்று கசிந்தது. அதன் தண்ணீரை மூங்கிலால் வழிகட்டிக் கொண்டுவந்து விட்டிருந்தனர் முன்னோர். பின்னாளில் மூங்கில் போய்க் குழாய் வந்தது; ஆனாலும் அதை நாங்கள் பீலி என்றே அழைத்தோம். குளிப்பது, குடிப்பது, துவைப்பது, வம்பு பேசுவது எல்லாம் பீலிக்கரையில்தான். கடுங்கோடையிலும் அது விரல் பருமனுக்காவது ஒழுகும். அது ஒழுகும் ஓசை கேட்காமல் நாங்கள் ஒரு நாளும் உறங்கியதில்லை.

மே 14ஆம் திகதியளவில் வானம் மூடிக்கொண்டது. பின்னர் திறக்கவேயில்லை.

மழை பெய்தால் முதலில் நனைவது எங்கள் சம்பளம். பட்டை ஈரமாக இருந்தால் பால்வெட்ட முடியாது. வெட்டினாலும் சிரட்டையில் சேரும் பாலை மழைநீர் கெடுத்துவிடும். பிரட்டுக்களத்திற்குப் போய் நனைந்துகொண்டு நின்றோம். “இன்னைக்கு வேலை இல்ல, போங்க” என்றார் கணக்கப்பிள்ளை. வேலை இல்லாத நாளுக்குப் பேர் இல்லை. அந்த ஆண்டில் ஒரு நாட் சம்பளம் எல்லாப் படிகளும் சேர்த்து 620 ரூபா. அதிலும் அடிப்படைச் சம்பளம் 450 ரூபாதான். 140 ரூபா, மாதத்தில் முக்காற்பங்கு நாட்களேனும் வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும். ஆயிரம் ரூபா கேட்டுத் தொழிலாளர் குரல் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே மழையின் மூன்றாம் நாள் எங்கள் பேச்செல்லாம் மாதக்கடைசியில் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்பதாகவே இருந்தது. தலைக்கு மேலிருந்த மலையை எவரும் நினைக்கவில்லை.

எச்சரிக்கை வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, சிங்களத்தில் வந்தது. மண்சரிவைச் சிங்களத்தில் ‘நாயயாம’ என்பார்கள். அந்தச் சொல் எங்களுக்குத் தெரியாததல்ல. கைத்தொலைபேசியில் ஒருவன் வாசித்துக் காட்டினான். மாவட்டத்தின் பெயரும் பிரதேச செயலகப் பிரிவின் பெயரும் அதில் இருந்தன. ஆனால் எங்கள் லயத்திற்கு மேலேயுள்ள சரிவு ஆபத்தானதா என்பதை அந்த வரிகள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்கே போவது? கிராமத்தவனுக்குப் பக்கத்து ஊரில் அண்ணன் வீடு இருக்கும், தம்பி காணி இருக்கும். எங்கள் அண்ணனும் தம்பியும் அடுத்த மலையில், இதேபோன்ற மண்மதிலின் அடியில், இதேபோன்ற காம்பிராவில்தானே இருந்தார்கள்?

17ஆம் திகதி செவ்வாய்க்கிழமை. பிற்பகலில் எங்கள் லயத்தின் மூத்த கிழவி வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். வயது எண்பதை ஒட்டியிருக்கும். லயத்தில் எல்லோருக்கும் அவள் அப்பாயி. போனவள் வெறும் வாளியோடு திரும்பினாள். திண்ணையில் ஏறாமல் மழையிலேயே நின்றாள்.

“பீலி நின்னு போச்சுடா.”

குழாய் அடைத்திருக்கும் என்றான் ஒருவன். மழை வெறித்ததும் போய்ப் பார்க்கலாம் என்றான் இன்னொருவன்.

“மூணு நாளா பேய் மழை கொட்டுது. இந்த மழையில பீலி நிக்குமா? மலை தண்ணியக் குடிச்சுட்டு வயித்துல வச்சிருக்கு. புள்ளைகளத் தூக்குங்க.”

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் சொன்னதைத்தான் மண்சரிவை ஆராய்பவர்களும் வேறு சொற்களில் சொல்கிறார்கள். சப்பிரகமுவ மலைகளில் உறுதியான பாறையின் மேல் தளர்ந்த மண்ணும் உருண்டு வந்த கற்களும் தடித்த போர்வையாகக் கிடக்கின்றன. மழைநீர் அந்தப் போர்வைக்குள் இறங்கிப் பாறையின்மேல் தேங்குகிறது. தேங்கத் தேங்க மண்மணிகளைப் பிரித்துத் தூக்குகிறது. மண்ணைப் பாறையோடு பிடித்து நிறுத்திய உராய்வு குறைகிறது. அப்போது நிலத்தில் வெடிப்புக் காணும், மரங்கள் சாயும், கதவுகள் நிலையில் இறுகும், ஊற்று திடீரெனக் கலங்கும், அல்லது நின்றுபோகும். மண் உள்ளே நகரத் தொடங்கி நீரின் வழியை அறுத்துவிட்டது என்பதே அதன் பொருள்.

ஒருவன் பின்புறம் ஓடிப்போய்ப் பார்த்து வந்தான். மண்மதிலுக்கு மேலே, இறப்பர் வரிசைகளுக்கு இடையில், கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு நீண்டு கிடப்பதாகச் சொன்னான். அதன்பின் எவரும் வாதிடவில்லை.

அந்தக் கால்மணி நேரத்தில் யார் யார் எதை எடுத்தோம் என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. தவணைக்கு வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியைச் சாக்கில் கட்டித் தோளில் ஏற்றினான் ஒருவன். அடகுக்கடைச் சீட்டுகளை மடியில் முடிந்துகொண்டாள் ஒருத்தி. பிள்ளைகள் புத்தகப் பையை எடுத்தனர். அப்பாயி எடுத்தது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் இருந்தது அவளுடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ்.

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியபோது அவள் சிறுமி. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து எங்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டபோது அவள் கைக்குழந்தைக்காரி. கூடப் பிறந்தவர்கள் கப்பலேறிப் போனார்கள்; அவள் இங்கே நின்றாள். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வீடு போனால் இன்னொரு வீடு கட்டலாம். அந்தக் காகிதம் போனால் தான் யார் என்பதே போய்விடும் என்று அவள் வாழ்க்கை அவளுக்குக் கற்பித்திருந்தது.

இறங்கிக் கிராமத்துப் பாதையை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அந்த ஓசை கேட்டது. இடி என்று நினைத்தோம். ஆனால் இடி முழங்கி ஓய்ந்துவிடும், இது ஓயவில்லை. நூறு லொறிகள் ஒரே நேரத்தில் கருங்கல்லைக் கொட்டுவது போல் நீண்டுகொண்டே போயிற்று. ஓசை அடங்கியதும் பச்சை மண்ணின் வாடை மூச்சை அடைத்தது. மறுநாள் காலையில் பார்த்தோம். பீலி இல்லை, லயத்தின் மேற்கோடியில் நான்கு காம்பிராக்களும் இல்லை. அடியோடு பெயர்ந்து முறிந்து கிடந்த இறப்பர் மரங்களிலிருந்து, எவரும் கத்தி வைக்காமலே, பால் வடிந்து சேற்றில் கலந்துகொண்டிருந்தது.

அந்த இரவில் எங்களுக்குக் கதவு திறந்தது கிராமத்துப் பன்சலை. தீவர்த்தியோடு எதிரே வந்த ஒரு சிங்களப் பெரியவர் “என்ன, என்ன” என்று அழைத்தார். சிங்களத்தில் ‘வாருங்கள்’ என்பதற்கு அதுதான் சொல். எங்கள் கூட்டத்தில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, ‘என்ன?’ என்று கேட்கிறார் போலும் என்றெண்ணி, “மலை உடைஞ்சிருச்சு தாத்தா” என்று தமிழிலே பதில் சொன்னாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். பிக்குவானவர் பாய்களை விரிக்கச் செய்தார். கிராமத்துப் பெண்கள் சுடச்சுடத் தேநீரும் பாணும் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய கூரைகளும் அன்று ஒழுகிக்கொண்டுதான் இருந்தன.

அப்பாயி மட்டும் வெகுநேரம் மண்டபத்துள் வராமல் வாசலிலேயே நின்றாள். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் கலவரங்களில் சப்பிரகமுவத் தோட்டங்களின் லயங்களும் எரிந்தன. அந்த நாட்களில் அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இரவோடிரவாக ஓடியவள். அன்று மனிதர்களுக்கு அஞ்சி மலைக்குள் ஒளிந்தாள். இன்று மலைக்கு அஞ்சி மனிதர்களிடம் வந்திருக்கிறாள். அன்று லயத்துக்கு நெருப்பு வைத்தவர்களும் இந்தப் பக்கத்து மனிதர்கள். அடுப்படியில் எங்களை மறைத்து வைத்துக் காத்தவர்களும் இந்தப் பக்கத்து மனிதர்கள். மூட்டி விடுபவன் இல்லாத இடத்தில் ஏழை ஏழையைத் தேடி வருகிறான் என்பதை நாங்கள் அந்த இரவில் நூலில் படிக்கவில்லை; ஈரப்பாயில் படுத்துக்கொண்டு கண்டோம்.

விடிந்தபின் செய்திகள் வந்தன. அதே 17ஆம் திகதி மாலை, அரநாயக்கவில் சாமசர மலை உடைந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஆகிய சிங்களக் கிராமங்களின் மேல் விழுந்திருந்தது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. எங்களுக்கு அருகில், புளத்கொஹுபிட்டியவின் களுப்பான தோட்டத்தில் லயம் மண்ணுக்குள் போயிருந்தது. அங்கே 10க்கு மேற்பட்டோர் மடிந்தனர். எங்களைப் போன்றே பால்வெட்டியவர்கள். எங்களைப் போன்றே வேலையில்லாத நாளில் காம்பிராவுக்குள் முடங்கியிருந்தவர்கள்.

நாங்கள் பிழைத்தது புத்தியாலா, புண்ணியத்தாலா? இரண்டும் இல்லை. ஒரு கிழவிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவள் ஒரு மணி நேரம் கழித்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. பிழைத்தவர்களின் மனத்தில் மகிழ்ச்சியைக் காட்டிலும் கூச்சமே மிகுந்திருக்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

பன்சலையில் மூன்று வாரம் இருந்தோம். அரிசி வந்தது, துணி வந்தது, படம் பிடிப்பவர்கள் வந்தார்கள். பிறகு படிவம் ஒன்று வந்தது. ‘வீட்டு உரிமையாளரின் பெயர்’ என்று அதில் ஒரு கேள்வி. எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. நான்கு தலைமுறையாகக் குடியிருந்தவர் உரிமையாளரா? 1970களில் தோட்டங்களை எடுத்துக்கொண்ட அரசா? 1992இல் நிர்வாகத்தைப் பெற்றுக்கொண்ட கம்பனிகளா? எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். சற்று யோசித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தார். எங்கள் வாழ்வு முழுவதையும் அந்தக் கோடு சொல்லிவிட்டது. சேதமடைந்த வீட்டுக்கு இழப்பீடு என்றால் வீடு எங்களுடையதல்ல. மாற்று நிலம் என்றால் இழந்த நிலமும் எங்களுடையதல்ல. அரநாயக்கவின் சிங்கள விவசாயி மலையிடம் தோற்றான். நாங்கள் மலையிடம் ஒரு முறையும் படிவத்திடம் மறுமுறையும் தோற்றோம்.

ஆறு மாதத்திற்குள் ஐந்து குடும்பங்கள் அதே லயத்தின் எஞ்சிய காம்பிராக்களுக்குத் திரும்பின. வேலை அங்கேதானே இருக்கிறது? மற்றவர்கள் உறவினரோடு ஒண்டினர். இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போயினர். அப்பாயி 2019இல் இறந்தாள், அந்த எஞ்சிய காம்பிராவொன்றில். தகரப் பெட்டி தலைமாட்டில் இருந்தது. இந்நாட்டின் பிரஜை அவள். அதற்குச் சான்றிதழ் இருந்தது. ஆனால் இந்நாட்டில் ஒரு பேர்ச் நிலம் அவள் பெயரில் இல்லை.

இயற்கையின் சீற்றம் என்று இதைச் சொல்லிவிட்டு எழுந்து போகலாமா? மழையை எவரும் தடுக்க முடியாது என்பது உண்மை. இந்த மழையும் புதியதல்ல. 2003ஆம் ஆண்டு இதே மே 17ஆம் திகதி, வங்கக் கடலில் ஒரு புயல் சுழன்றபோது, இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிதைந்தது. நாட்டில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2014 ஒக்டோபர் 29இல், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் புதைந்தன. ஆபத்தான இடமென்று முன்பே எச்சரிக்கப்பட்ட மலை அது. 2017 மே மாத இறுதியில் மீண்டும் இரத்தினபுரி. 2025 நவம்பர் 28இல் ‘டிட்வா’ கிழக்குக் கரையில் ஏறி நாட்டைக் கடந்தபோது மலை மாவட்டங்கள் எங்கும் சரிந்தன. 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தப் பெயர் யேமன் கொடுத்தது. அங்கேயுள்ள ஒரு கடற்கழியின் பெயர். பெயர்கள் மாறுகின்றன. மண்மதிலின் அடியில் இருப்பவர்கள் மாறவில்லை.

மழை பெய்வது கடலின் வேலை. லயத்தைப் பள்ளத்தில் கட்டியது மனிதனின் வேலை. முன்னாளில் மலைச்சரிவுகளில் கான் வெட்டவும் வெட்டிய கானைத் தூர் வாரவும் தனி ஆட்கள் இருந்தனர். மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் அந்தக் கான்கள் வழியே ஓடை சேரும். எங்கள் தோட்டத்தில் அந்த வேலை செலவென்று கருதப்பட்டுக் குறைக்கப்பட்டது. கான்கள் தூர்ந்தன, தண்ணீர் மலைக்குள் இறங்கிற்று. மலை தன் வயிற்றில் வைத்திருந்தது தண்ணீரை மட்டுமா? நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு ஒன்றையும் அல்லவா வைத்திருந்தது!

வாசக நண்பர்களில் பலர் ஆசிரியர்கள், பலர் மாணவர்கள். ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறோம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பு. 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 150 ஐ எட்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பக்கங்கள் செங்குத்தான ஒரு பாத்திரமும் ஓர் அடிமட்டமும் போதும். தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் மழையை அளந்து பலகையில் எழுதட்டும். ஊற்று நிற்பதும் கதவு இறுகுவதும் மரம் சாய்வதும் எதைக் குறிக்கின்றன என்பது தமிழிலே பாடமாகட்டும். அப்பாயி தன் எண்பது வயதில் அறிந்ததை ஒரு பிள்ளை எட்டு வயதில் அறியட்டும்.

ஆனால் அறிவு மட்டும் போதாது. மலை சரியப் போகிறது என்று அறிந்தவனுக்கு ஓடிப்போய் நிற்க ஓர் இடம் வேண்டும். பாதுகாப்பான நிலத்தில் தன் பெயரால் உறுதி எழுதிய வீடு வேண்டும். எச்சரிக்கை அவன் மொழியில் வர வேண்டும். வெளியேறிய நாளுக்குப் பேர் வேண்டும். இவற்றைப் பிச்சையாகக் கேட்கவில்லை. இந்நாட்டின் அந்நியச் செலாவணியைத் தோளில் சுமந்து இறக்கியவர்களின் கடனாகக் கேட்கிறோம்.

இன்றும் மே மாதத்தில் மழை தொடங்கினால் எங்களில் எவருக்கும் உறக்கம் வருவதில்லை. பழைய லயத்துக்குப் பின்னே புதிதாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். அங்கே திரும்பிய ஐந்து குடும்பத்தார் இரவில் முறைவைத்து எழுந்து உட்கார்ந்து, அது ஒழுகுகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.